மூன்று கால் ஓட்டம்

ஜனவரி 6

அன்புள்ள போர்டு,

நீயும் தங்கையும் என் மருமகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். உன் கடைசிக் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. ஊரில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுக்கிறவனுக்கு, நண்பனுக்கு நாலு வரி எழுதக் கை வலிக்கிறது.

இங்கே வேலை வழக்கம்போல. போன வாரம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி. நான் கஷ்டப்பட்டுக் கதவை நெம்பித் திறந்தால், அவர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, முடிந்ததும் இறக்கிவிட்டேன்.

நம் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருநாள் வெளியே போவோம் என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? இந்த முறை ஏரிக்கரைப் பூங்கா. கிரேன் ஓட்டுகிறவர்தான் தலைவர். கழுத்தில் விசிலும் கையில் பெயர்ப் பட்டியலுமாக அறை அறையாக வந்துகொண்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் என் பெயருக்கு நாலு வரி மேலே யார் பெயர் தெரியுமா? உன் மச்சான் பெயர்.

அவர் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறதாம். சிமெண்ட் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராம். உனக்குத் தெரியாமல் இருக்குமா? நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

ஏழு வருஷம் ஆகியும் அந்தப் பெயரைப் பார்த்ததும் பட்டியலைத் தலைவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் லிப்ட் வேலை பழகின ஊரில் எனக்கு ஏற்கெனவே பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பதாக எவனோ ஒருவன் மொட்டைக் கடிதம் எழுதினான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, எனக்கு நிச்சயம் பண்ணின தன் தங்கையைத் தர மாட்டேன் என்று சொன்ன மனுஷன் இவர். அடுத்த மாதமே நான் இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். அரை வருஷத்தில் நீ அவளைக் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து நின்ற அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாய். அதற்காக நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுதினேன். அவளைத் தங்கை என்று எழுதிப் பழக எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அது உனக்கும் தெரியும்.

மச்சான்மேல் எனக்குக் கோபம் பாதிதான். மீதியெல்லாம் அதை எழுதினவன்மேல். அவன் யாரென்று ஒருநாள் தெரியாமல் போகாது. தெரிந்தால் அடிக்க மாட்டேன், போர்டு. அடி ஒரு வாரத்தில் ஆறிவிடும். என் வீட்டுக்கு வரவேண்டியதை அவன் தடுத்தான். அவன் வீட்டில் இருப்பதை நான் வெளியே கொண்டு வருவேன்.

அந்த ஆள் வருகிற பஸ்ஸில் நான் போகலாமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
ஸ்பேனர்


ஜனவரி 17

அன்புள்ள ஸ்பேனருக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். என் கடைப் பையன் கொண்டுவந்து எட்டிக் கொடுத்தான், மேலேயே நின்று படித்தேன். மருந்து என்று எழுதவேண்டிய இடத்தில் 'ம'வோடு அரைமணி நேரம் நின்றுவிட்டது. கடைக்காரர் காபி வேண்டுமா என்று கேட்டார்.

மச்சான் அங்கே வந்த விஷயத்தை எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆறின புண்ணை எதற்குக் கீற வேண்டும் என்றுதான் விட்டேன். உனக்குத்தான் அவர் குணம் தெரியுமே. சட்டென்று கை நீட்டிவிடுவார். நான் சொல்வதைக் கேட்பாயானால் இந்த முறை போகாதே. போய்த்தான் ஆகவேண்டும் என்றால் அவர் முன்னால் உட்கார்ந்தால் நீ பின்னால் உட்கார். பேச்சுக் கொடுக்காதே.

அந்தக் கடிதத்தை எழுதினவன் எவனாக இருந்தாலும் இந்நேரம் நன்றாக அனுபவித்திருப்பான். அவனை விட்டுத் தள்ளு. உனக்கும் முப்பத்துநாலு ஆகிறது. உனக்கென்று ஒரு பெண்ணைப் பார்க்கட்டுமா? நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மகளுக்கு நான்கு முடிந்தது. சுவர் முழுக்கச் சாக்பீஸால் கிறுக்குகிறாள். உன் தங்கை உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
போர்டு


பிப்ரவரி 1

அன்புள்ள போர்டு,

உன் பேச்சை மீறிப் போய்விட்டு வந்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு இப்படி வயிறு வலிக்கச் சிரித்த நாள் எனக்கு இல்லை.

காலை ஆறு மணிக்கே குடியிருப்பு வாசலில் பஸ் வந்துவிட்டது. வருஷம் முழுக்கக் கிரீஸும் சிமெண்டுமாகப் பார்த்த முகங்கள் பவுடர் பூசிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றன. என் அறையில் இருக்கிற ஐந்து பேரையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைவர், கிரேனுக்குக் காட்டுகிற சைகையிலேயே பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னார். டிரைவருக்கு அது என்ன புரியும்? பஸ் பூச்செடிகளை ஏறி மிதித்துக்கொண்டு நின்றது. அங்கே ஆரம்பித்த சிரிப்பு, பூங்கா வரைக்கும் ஓயவில்லை. பாட்டு, கைத்தட்டல், ஒருவர் மேல் ஒருவர் விழுவது. உன் மச்சான் முதல் சீட்டில், நான் கடைசி சீட்டில். அந்த அளவுக்கு உன் சொல்லைக் காப்பாற்றினேன்.

ஏரியில் படகு விட்டோம், பந்து விளையாடினோம். பதினொரு மணிக்குத் தலைவர் விசிலை ஊதி, மூன்று கால் ஓட்டம் என்றார். யாருக்கு யார் ஜோடி என்று ஹெல்மெட்டுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். என் கைக்கு வந்த சீட்டில் உன் மச்சான் பெயர்.

நான் சீட்டை மாற்றச் சொன்னேன். அவரும் மாற்றச் சொன்னார். "மாத்தறதெல்லாம் கிடையாது, ரெண்டு பேரையும் கட்டுங்க" என்று தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். கட்டுவதற்கு என்றே எங்களோடு ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருவர் வந்திருந்தார். மற்றவர்களைக் கைக்குட்டையால் கட்டினார். எங்கள் முறை வந்தபோது கைக்குட்டை தீர்ந்துவிட்டது. கைப்பையிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து, என் இடது காலையும் மச்சானுடைய வலது காலையும் சேர்த்து, உடைந்த எலும்புக்குக் கட்டுகிற மாதிரி மூன்று இடத்தில் இறுக்கிவிட்டார்.

விசில் ஊதினதும் அவர் ஒரு பக்கம் இழுத்தார், நான் ஒரு பக்கம் இழுத்தேன். பத்தடிகூடப் போகவில்லை. ஈரப் புல்லில் நான் கீழே, என்மேல் அவர், அவருடைய கண்ணாடி எங்கள் இரண்டு பேருக்கும் அடியில். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் மற்ற ஜோடிகளும் ஓட மறந்து நின்றுவிட்டார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். துணி நனைந்து முடிச்சு இறுகிவிட்டது, அவிழவில்லை. கத்தரிக்கோல் மருந்துப் பெட்டியில் இருக்கிறது, மருந்துப் பெட்டி பஸ்ஸில் இருக்கிறது, பஸ்ஸை டீசல் போட எடுத்துக்கொண்டு டிரைவர் போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தோம். பொட்டலச் சோற்றைச் சேர்ந்து உட்கார்ந்து தின்றோம். குழாயடிக்குக் கை கழுவப் போகும்போது "இடது, வலது" என்று எண்ணிக்கொண்டே நடந்தோம். ஒருமுறை கழிப்பறைக்கும் போகவேண்டி வந்தது. அதை நான் விவரிக்க மாட்டேன்.

முதல் அரைமணி அவர் வளைந்த கண்ணாடியை நிமிர்த்துவதிலேயே இருந்தார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்க பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"எந்தப் பிள்ளை?"

"அதான், அந்த ஊர்ல இருக்கிற பிள்ளை."

நான் சொன்னேன்: "எனக்கு எந்த ஊர்லயும் பிள்ளை கிடையாது. பெண்டாட்டியும் கிடையாது. இருந்திருந்தா நான் ஏன் ஆறு பேர் படுக்கிற ரூம்ல ஏழு வருஷமா கிடக்கிறேன்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், கத்தரிக்கோல் வரும்வரை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், தாள் தீர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லையாம், பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

நாங்கள் கட்டுண்டு கிடக்கிற போட்டோ ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். தங்கையிடமும் காட்டு.

அன்புடன்,
ஸ்பேனர்


பிப்ரவரி 12

அன்புள்ள ஸ்பேனருக்கு,

படித்துச் சிரித்தேன். போட்டோவும் நன்றாக வந்திருக்கிறது. வீட்டில் காட்டவில்லை. அவளுக்குப் பழைய ஞாபகமெல்லாம் வந்துவிடும் என்று கடையிலேயே வைத்துக்கொண்டேன்.

மச்சான் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதே. ஒன்றை ஒன்பதாக்குகிற வாய் அது. அன்றைக்கு அவசரப்பட்டு உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இப்போது எவன் தலையிலாவது போடப் பார்ப்பார். அதென்ன, மூன்று பக்கம் ஊர்க்கதை எழுதினவனுக்கு முக்கியமான இடத்தில் தாள் தீர்ந்துவிட்டதா? உன் குறும்பு எனக்குத் தெரியாதா?

அந்தக் கடிதம் எங்கே இருப்பதாகச் சொன்னார்? அங்கே கையோடு கொண்டுவந்திருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன். சீக்கிரம் எழுது. மகளுக்கு இரண்டு நாளாகச் சளி, எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அன்புடன்,
போர்டு


பிப்ரவரி 22

அன்புள்ள போர்டு,

சளிக்குத்தானே தூக்கமில்லை? நல்லது.

நீ சும்மா கேட்டதால் நானும் சும்மா சொல்கிறேன். அந்தக் கடிதம் உன் மாமியார் வீட்டில், மச்சானுடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சாவி இங்கே அவரிடம் இருக்கிறது. கவலைப்படாதே.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எவ்வளவு அழகா எழுதியிருந்தான் தெரியுமா? பென்சிலால மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல எழுத்து, ஒண்ணுகூட வெளிய போகல. 'எச்சரிக்கை'ன்னு தலைப்பு, சரியா தாளுக்கு நடுவுல. தலைப்புக்கு மேல சின்னதா ஒரு பென்சில் புள்ளி. யாரோ வாத்தியார்னு நெனச்சேன். இவ்வளவு சுத்தமா எழுதறவன் பொய் எழுதுவானா?"

சுத்தமாக எழுதினதால் நம்பினாராம். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கால் கட்டியிருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை.

"நீங்களாவது வந்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றும் என்மேல் குறைப்பட்டார். கேட்காமலே தீர்ப்புச் சொன்ன வீட்டுக்கு நான் எதற்கு வரவேண்டும் என்று திருப்பிக் கேட்டேன்.

அது போகட்டும். எனக்கு ஒரு சந்தேகம், நீ தொழில்காரன், நீதான் தீர்க்கவேண்டும். எழுதுவதற்கு முன்னால் மேலும் கீழும் கோடு போட்டுக்கொண்டு, தலைப்புக்கு நடு பார்க்கப் புள்ளி வைத்துக்கொண்டு, எழுதி முடித்து அதை அழிக்க மறந்துபோகிற ஆட்கள் நம் ஊரில் யார் யார்? பதினெட்டு வயதில் உனக்குக் கோடு போடுகிற நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தவன் நான். அப்போது ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். இப்போது நிறையப் பேர் வந்திருப்பார்கள்.

உன் பழைய கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லீவு நாளில் நன்றாகப் பொழுது போகிறது.

அன்புடன்,
ஸ்பேனர்


மார்ச் 5

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நீ எதை நினைத்து எழுதுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. நினைக்கவே உனக்கு வெட்கமாக இல்லையா? கோடு போட்டு எழுதுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாத்தியார்கள் போடுகிறார்கள், பத்திரம் எழுதுகிறவர்கள் போடுகிறார்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் போடுகிறார்கள். நீ ஊரைவிட்டுப் போனபிறகு உனக்காகத் தெருவில் நாலு பேரோடு சண்டை போட்டவன் நான். அதற்கு எனக்கு இதுதான் மரியாதையா?

மச்சான் உன் காதில் பூச்சுற்றுகிறார், நீயும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடு. நம் சிநேகிதத்துக்காகக் கேட்கிறேன்.

போர்டு


மார்ச் 15

போர்டுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்தேன், பிறகு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

நீ ஒரு வரியில் ஒப்புக்கொண்டிருக்கலாம். இரண்டு பத்தி எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறாய். உன் கடிதத்தைப் பிரித்ததும் நான் படிக்கவில்லை, ஜன்னலுக்குத்தான் கொண்டுபோனேன். கோடு இல்லை. ஏழு வருஷமாக, உன் கல்யாணச் செய்தியிலிருந்து மகள் பிறந்த செய்திவரை அத்தனை கடிதத்திலும் இருந்த கோடு இதில் மட்டும் இல்லை. முதல் வரி மேலே ஏறுகிறது, கடைசி வரி சரிந்து விழுகிறது. கோடு இல்லாமல் எழுத உனக்கு வராது, பாவம். ஆயிரம் பேர் போடுகிற கோட்டை நீ மட்டும் ஏன் நிறுத்தினாய்?

உன் கல்யாணத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினேன். உன்னைத் தெய்வம் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு உனக்குச் சோறு இறங்கியதா? தங்கை என்று நான் எழுதினபோதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தாயா? இவற்றை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு எரிகிறது. உன்னை மன்னிக்கிற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை என்பதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

இனி நடக்கப் போவதைக் கேள். ஏப்ரல் முப்பதுக்குள் நீயாகவே அவளிடம் சொல்லவேண்டும். எழுதிக் கொடுக்கக்கூடாது, வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மச்சான் சாவியை ஊருக்கு அனுப்புவார், அந்தக் கடிதம் அவள் கைக்குப் போகும். மச்சானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "தப்பு என்னோடது, நானே திருத்தறேன்" என்கிறார். அவள் உன் வீட்டில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள். ஜூனில் எனக்கு இரண்டு மாத லீவு. நான் வருவேன், வந்து அவளை அழைத்துக்கொள்வேன். உன் மகளையும் என் மகளாக வைத்துக்கொள்வேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஏரிக்கரையில் கத்தரிக்கோல் வந்து எங்கள் கட்டை வெட்டினபோது எல்லாரும் கை தட்டினார்கள். உன் கட்டை வெட்டும்போது நான் ஒருவனே தட்டுவேன்.

ஸ்பேனர்


மார்ச் 26

ஸ்பேனரே,

ஆமாம், நான்தான் எழுதினேன். இடது கையால் எழுதினேன். கோடு போட்டது எனக்கு நினைவுகூட இல்லை, கை தானாகப் போட்டிருக்கிறது.

அவர்கள் வீட்டு மாடியில் அவள் தையல் வகுப்பு நடத்தினாள் அல்லவா? அதற்குப் பலகை எழுத நான்கு நாள் போனேன். தினமும் வந்து நின்று குறை சொன்னாள். அந்த எழுத்து தடிமன், இந்த எழுத்து ஒல்லி என்று. சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. என் எழுத்தை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான்காம் நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன், உன்னிடம்தான் முதலில் சொல்ல வந்தேன். எனக்கு முன்னால் நீ சொன்னாய், தையல் டீச்சரைப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று. இனிப்புக் கொடுத்தாய். அதை வாயில் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல?

ஒரு மாதம் தாமதமாகும், அதற்குள் அவளிடம் என் மனதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினேன். ஒரேயடியாக முறியும் என்றோ, நீ நாட்டைவிட்டே போவாய் என்றோ நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

தினமும் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் போகிறேன். அவள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருப்பாள், திரும்பி வந்துவிடுவேன். நீ என்னை அடி, ஊரைக் கூட்டிக் காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் சொல்லச் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

போர்டு


ஏப்ரல் 5

போர்டுக்கு,

படித்தேன். இனிப்புக் கொடுத்தது என் தப்புதான்.

இதுவரை உனக்குக் கடை விலாசத்துக்கே எழுதிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் முப்பதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ மொட்டைக் கடிதம் எழுதினதை இதற்குள் அவளிடம் சொல்லியிருந்தால் உனக்குப் பயமில்லை. சொல்லியிருக்காவிட்டால் உன் தலையெழுத்து. லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன்.

ஸ்பேனர்


ஏப்ரல் 18

ஸ்பேனர் அவர்களுக்கு,

வீட்டுக்கு வந்த கடிதத்தை நான்தான் வாங்கினேன். உறைமேல் அவர் பெயர் இருந்தது, ஆனாலும் பிரித்தேன். நான் பிரிக்கவேண்டும் என்றுதானே அனுப்பினீர்கள்.

அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நேரே கடைக்குப் போய் ஏணியிலிருந்து இறங்கச் சொன்னேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் உங்கள் கடிதங்கள் அத்தனையும் இருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இந்த வருஷம் வந்ததை எல்லாம் அவரையே வாசிக்கச் சொன்னேன். முடிச்சு அவிழாத இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரால் வாசிக்க முடியவில்லை, வாங்கி நானே வாசித்தேன்.

அவரை என்ன செய்தேன் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். அண்ணன் சாவி அனுப்பும்வரை நான் காத்திருக்கவில்லை. ஆள் வைத்துப் பெட்டியை உடைத்தேன். என் அம்மா, சித்தப்பா, அத்தை எல்லாரையும் உட்காரவைத்து, அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, நின்றுகொண்டே படிக்கவைத்தேன். படித்து முடித்து, எழுதினது நான்தான் என்று சொல்லவைத்தேன். அடுத்த நாள் உங்கள் அக்கா வீட்டுக்கும் அழைத்துப்போய் அதையே செய்யவைத்தேன். உங்கள்மேல் இருந்த பழி போய்விட்டது. அது உங்களுக்குச் சேரவேண்டியது, சேர்த்துவிட்டேன். அவர் இப்போது கடையில்தான் படுத்துக்கொள்கிறார். அவரோடு இருப்பதா இல்லையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ததும் உங்களுக்கு எழுதிச் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் விஷயம். அந்த மொட்டைக் கடிதத்தை எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நான் அதை நம்பவில்லை. அண்ணன் அன்றைக்கே பெண் இல்லை என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். "அவர் நாளைக்கே வருவார், நேர்ல கேப்போம்" என்று அண்ணனோடு சண்டை போட்டேன். நீங்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்தேன். ஒன்பதாம் நாள் தெருமுனை வரைக்கும் சைக்கிளில் வந்தீர்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் எழுதினதை நம்பாதவள், உங்கள் முதுகைப் பார்த்து நம்பினேன். அண்ணனிடம் போய், நீ சொன்னது சரி என்று சொன்னதும் நான்தான்.

ஜூனில் வந்து என்னை அழைத்துக்கொள்வீர்களாம், என் மகளையும் வைத்துக்கொள்வீர்களாம். இதை அவரிடம் எழுதியிருக்கிறீர்கள், அண்ணனிடம் பேசியிருக்கிறீர்கள். என்னைக் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. பழி வாங்க யாருக்காவது பாத்தியதை உண்டென்றால் அது எனக்குத்தான், வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வீடு இல்லை. உங்களுக்கு இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. வந்தால் கதவு திறக்காது. எழுதினால் பிரிக்காமல் திரும்பி வரும். தங்கை என்றும் இனி எழுதவேண்டாம், எனக்கு ஒரு அண்ணன் இருப்பதே அதிகம்.

டின்னில் இருந்த உங்கள் கடிதங்களை எண்ணிப் பார்த்தேன், எண்பத்துமூன்று. ஏழு வருஷமாக அவருக்கு இத்தனை எழுத உங்களால் முடிந்திருக்கிறது. அந்த ஒன்பது நாளில் எனக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், நான் வாசல்வரை இறங்கி வந்திருப்பேன்.

இப்படிக்கு,
தையல் டீச்சர்